நன்னீர்க் கிணற்றுச் சமாதானம்

1931 பங்குனியிலிருந்து அந்த ஊர் நன்னீர்க் கிணற்றில் வல்லி இறைத்தால் மட்டுமே தண்ணீர் வந்தது. மற்றவர்கள் விட்ட வாளி தண்ணீருக்குள் முங்கும், சத்தமும் கேட்கும், ஆனால் மேலே வரும்போது அடிகூட நனைந்திருக்காது. புத்தூருக்குக் கிழக்கே உள்ள குறிச்சி அது. மற்றக் கிணறுகளெல்லாம் உவர்.

வல்லியின் சாதியார் துலாக்கொடியைத் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றால், மனமிரங்கி யாராவது வார்ப்பார்கள். கிணறு இப்படி மாறுவதற்கு ஒரு கிழமை முந்தி அவளுடைய மகளுக்குக் கடுங்காய்ச்சல். அன்று வார்க்க ஒருவருமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் தரையில் விடாமல் வாங்குப் பலகையில் இருத்தும்படி அரசாங்கம் கட்டளையிட்டிருந்ததால், ஊர்த் தலைமைக்காரரான விதானை சோமசேகரம் வீட்டில் சமாதானக் கூட்டம். ஊரே அங்கே இருந்தது. உச்சி வெயில்வரை பொறுத்த வல்லி தானே இறைத்தாள். குடத்தோடு குடிசைக்குப் போனபோது பிள்ளை செத்துக் கிடந்தது. கூட்டம் முடிந்து வந்தவர்கள் அவளைப் பனையில் கட்டி அடித்தார்கள். சமாதானம் பேசிக் களைத்தவர்களுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிறகு கிணற்றை இறைத்துக் கொட்டி மஞ்சள்நீர் தெளித்தார்கள். புதிதாக ஊறிய தண்ணீர்தான் இப்படி நடந்துகொண்டது.

ஐயரின் மந்திரத்துக்கும் அது மசியவில்லை. தொட்டவளையே கூப்பிட்டுப் பாருங்கோ என்று விதானையின் மனைவி கமலாவதி சொன்னாள். வல்லி இழுத்தாள், வாளி நிறைய வந்தது. தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினாள்.

“என்ரை பெடியன் வாங்கிலை இருந்து படிக்கவேணும், நயினார். அப்பதான் இறைப்பன்.”

“ஓம், இருக்கட்டும். நீ கொடியை விடாதை” என்றார் விதானை.

அவள் இறைத்த தண்ணீரில் தீட்டில்லை என்று ஐயர் கண்டுபிடித்தார். அவள் தானே அள்ளிக் குடித்தால் மட்டும் தீட்டாம். ஆகவே நிறைந்த வாளிக்குப் பக்கத்தில், யாராவது வார்க்கும்வரை, அவள் கையேந்தி நின்றாள். கொழும்பிலிருந்து ஒரு துரை வந்து, ஒரே கிணற்றில் எல்லாச் சாதியும் என்று மெச்சி, சோமசேகரத்துக்கு மாலை போட்டார்.

மகன் அருட்பிரகாசம் வாங்கின் ஓரத்தில் தனியே இருந்து எட்டாம் வகுப்புவரை வந்தான். தினமும் பின்னேரம் வல்லி அவனைத் திருப்பி நிறுத்தி, வேட்டியில் தரைமண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒட்டியிராது. அதற்காக அவள் எத்தனை வாளியும் இழுப்பாள்.

1940இல் ஒரு காலை கிணற்றடியிலேயே விழுந்து செத்தாள். பிணத்தைக் குடிசைக்கு அனுப்பிவிட்டு ஊர் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் அவனை வாங்கிலிருந்து எழுப்பியது. தாயைப் பார்க்கவேண்டும் என்று அவன் அழுதான்.

“முதலிலை ஒருக்கால் இறைச்சுக் காட்டு. பிறகு கொம்மாவைப் பார்” என்றார் சோமசேகரம், தன்மையாகத்தான்.

தண்ணீர் வந்தது. ஊரார் குடங்களை வரிசையில் வைத்தார்கள். அவை நிறைந்து முடியப் பொழுது சாய்ந்துவிட்டது; அதன் பிறகுதான் வல்லிக்குக் கொள்ளி. மறுநாளும் அவன்தான் இறைத்தான். அடுத்த வருடம் வந்த துரை, அந்தச் சாதிப் பிள்ளைகள் ஒருவரையும் வாங்கில் காணவில்லையே என்று கேட்டார். அதுகளுக்குக் குலத்தொழில் இருக்கிறது என்று ஊர் சொன்னது.