தலை இல்லாத தபால்தலை

என் கணவர் சவுரிமுத்துவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிறன்று, அவருடைய நண்பர் ஜீவானந்தம் கீழ்க்கட்டளையிலிருந்து வந்தார். ஞாயிறுதோறும் அஸ்தினாபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்தான். இருவருக்கும் பிரிட்டிஷ் தபால்தலைப் பைத்தியம். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆல்பத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"சிஸ்டர், இந்தப் பக்கத்தை எனக்குக் குடுங்க. கேட்லாக் விலையே தரேன். முழுசா."

கண்புரை வந்தபின் என் கணவருக்கு அந்த விலைப் புத்தகத்தை வாசித்துச் சொன்னவள் நான். அதில் இருப்பது கடைக்காரர் கேட்கும் விலை. சேகரிப்பவர்கள் தங்களுக்குள் பாதிகூடக் கொடுப்பதில்லை. முழு விலை தருகிறேன் என்றால் கண் வேறெதிலோ இருக்கிறது.

பீரோவிலிருந்து கேட்லாக்கை எடுத்துவந்தேன். பிரிட்டிஷ் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது. ராணியின் தலைதான் அடையாளம். ஆல்பத்தில் அவர் காட்டிய பக்கத்தின் மூலையில் இருந்த ஒன்றில் அந்தத் தலையே இல்லை. அச்சுக்கோளாறு, குப்பை என்பார் என் கணவர். கேட்லாக்கில் அதே படத்தைத் தேடிப் பிடித்தேன். சரியாக அச்சானதற்குச் சில்லறை விலை. அதன் கீழே, என்னை ஒருநாளும் வாசிக்கச் சொல்லாத பொடி எழுத்தில்: தலை விடுபட்டது, நானூறு பவுண்டு.

"ஏண்ணா, செத்தவர் வீட்லயா உங்க வேலையக் காட்டுறீங்க?"

அவர் முகம் செத்துப்போனது.

"அந்தப் பொடி எழுத்து விலையைத்தான் சிஸ்டர் முழுசா தரேன்னேன்."

"பாதிக்குக் கேக்காம?"

"அது என்னுது. எங்க மாமா லண்டன்லேருந்து லெட்டருக்குள்ள வெச்சு அனுப்பினது. 'தலையே இல்ல மச்சான், ஒன்ன மாதிரியே. வேஸ்ட்டு, என்கிட்ட தள்ளு'ன்னான் முத்து. நானும் சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டேன். அப்புறமா ஒரு கடையில இந்தப் புக்கைப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டுட்டு, மறு ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வர்றது?"

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தபோதே அது நினைவுக்கு வந்தது. தெருமுனையில் ஜீவானந்தத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே, "ஜான்சி, கேட்லாக்கை உள்ள வை. விலை பேசினா பிரெண்ட்ஷிப் கெட்டுடும்" என்பார் இவர். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நானே பூட்டி வைத்திருக்கிறேன், வாராவாரம்.

இடுக்கியால் அந்தத் தபால்தலையை எடுத்தேன். கண்ணாடித்தாள் உறையில் போட்டு நீட்டினேன்.

"காசு குடுத்துத்தான் எடுப்பேன் சிஸ்டர். அவன் பேரு கெட வேணாம்."

"உங்க பொருளுக்கு என்ன காசு? எடுத்துட்டுப் போங்கண்ணா."

உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே ஸ்கூட்டர் கிளம்பியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் கை தானாகக் கேட்லாக்கை எடுத்துக்கொண்டது. பீரோவுக்குப் பாதி தூரம் போனபிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பிவந்து அதை ஆல்பத்தின் மேலேயே வைத்தேன்.