இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம்

பெரியப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். வேகம் எழுபதைத் தாண்டியதில்லை. தன்னைத் தாண்டிப் போனவனை மன்னித்ததும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, குழந்தை பிறந்து மூன்று மாதம். பேத்தியைப் பார்க்க இரண்டு முறை டிக்கெட் போட்டோம். இரண்டு முறையும் கிளம்புகிற அன்று அவருக்குக் கால்வலி. "இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள். விமான டிக்கெட் விற்கும் கம்பெனியில் பார்த்த நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். குடும்பத்தில் வேறு வெட்டி ஆள் இல்லாததால் அவரைப் பிளேன் ஏற்றுவது என் தலையில் விழுந்தது.

விமான நிலையக் கவுன்டரில் பெட்டியைப் போட்டோம். அங்கிருந்த பெண் போர்டிங் பாஸை நீட்டினாள். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஒன்பது பத்துக்குக் கிளம்பி பத்து அஞ்சுக்குப் போய்ச் சேருது. எவ்ளோ தூரம்டா?"

யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்."

அவர் உதடு கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. "மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் வருது. யாரு டிரைவர்?"

"பெரியப்பா, அந்த ஊர்க் கடிகாரம் நம்மளதவிட மூன்றரை மணி நேரம் பின்னால."

"சரி பண்ண ஆள் இல்லையா?"

"ஊருக்கே அதான் நேரம்."

"ஊரே சேந்து தப்பா வெச்சா சரியாயிடுமா? பெட்டியை எடு. நான் வரல. வந்தாலும் முழுசா இறங்க மாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். கவுன்டர் பெண் நிமிரவே இல்லை. "ஐயா, பறக்கறது நாலு மணி இருபத்தஞ்சு நிமிஷம்."

"மணிக்கு அறுநூத்தம்பத்தாறு," என்றார் உடனே. "மேல ஆடு மாடு குறுக்க வராது. ஓட்டலாம்."

நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

"நடுவுல எங்க நிறுத்துவான்?"

"நிறுத்த மாட்டாங்க பெரியப்பா."

"ரெண்டு மணிக்கொருக்கா பத்து நிமிஷம் இறங்கி நிக்கணும். இல்லேன்னா கண்ணு சொருகும். நாலரை மணி நேரம் ஒரே ஆளா?"

"ரெண்டு பேர் இருக்காங்கய்யா. பக்கத்துப் பக்கத்து சீட்டு," என்றாள் அவள்.

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சஸ்பென்ஷன் ஆர்டரே இருந்தது. "ரெண்டு டிரைவர்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?"

கால்வலி ஞாபகமே இல்லாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை அக்கா பேசினாள். பேத்தி அவர் மடியில்தானாம். கைக்கடிகாரத்தை மட்டும் மாற்ற மறுக்கிறாராம். "அவர் வாட்ச்ல எட்டு மணி ஆச்சுன்னு இங்க விடியக்காலம் நாலரைக்கு எல்லாரையும் எழுப்பப் போறாரு, பாரு," என்றாள். குரலில் கோபம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, திரும்பி வந்தவரை அழைத்துவரப் போனேன். முகமெல்லாம் பூரிப்பு.

"போறப்ப ஓட்டுனவன் வெத்துவேட்டு. பத்து அஞ்சுன்னு போட்டுட்டு ஒன்னு முப்பத்தஞ்சுக்கு இறக்குனான். இன்னிக்கு ஓட்டுனவன்தான் ஆளு. பதினொரு மணி வண்டி, என் வாட்ச்ல ரெண்டரைக்குத்தான் கிளம்புது. டிக்கெட்ல போட்டிருந்த ஆறு அம்பத்தஞ்சுக்கு டாண்ணு வந்து நிக்கிறான்."

பெட்டியை என் கையில் திணித்தார்.

"மூன்றரை மணி நேர லேட்டை வழியிலயே புடிச்சிட்டான்டா. அடுத்த மாசமும் பேத்தியைப் பாக்கப் போறேன். இவன் எந்த வண்டிக்குப் போறான்னு கேட்டு டிக்கெட் போடு."