தனியறை மிஷின்

மூன்று வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் சென்னியப்பனை நர்ஸ் கலைமணி அன்று தனியறை மிஷினுக்கு அழைத்துப்போனாள்.

"ஐயா, உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குதுங்க. இன்னும் மூணு பேருக்கும் வந்திருக்குது. இங்கதான் தொத்தியிருக்கோணும். அம்மாவுக்கும் பாத்தரலாமுங்க."

"மூச்சு விட்டராத சாமி. நம்முளுது லாரிக்காரங்க ஊடு. ஆஸ்பத்திரியில வந்துச்சுன்னா எவன் நம்புவான்? அடுத்த வாரம் பேத்திக்கு நிச்சயம்."

டயாலிசிஸ் முடிந்து கலைமணி ஊசியை எடுத்ததும் மனைவி சௌந்திரம் வழக்கம்போலப் பஞ்சை அழுத்த வந்தாள். பிறர் கை தன்மேல் படக்கூடாதென்று, வெறுங்கையால் அழுத்த அவர்தான் அவளைப் பழக்கியிருந்தார். காட்டுவேலையில் வெடித்திருந்த அவள் விரல்களை இப்போதுதான் பார்த்தார். சட்டெனக் கையை இழுத்துக்கொண்டார்.

"தொடாதே!"

"ஏனுங்க, என்ர கை இன்னைக்குத்தான் ஆகாமப் போச்சுங்களா?"

அவர் கையிலிருந்து ரத்தம் வழிந்து வேட்டியை நனைத்தது.

"கலைமணி," என்றார், "மொதல்ல இவளுக்கு ரத்தம் எடும்மா."