இடது மரைக் கல்யாணம்

மலையாண்டி முதன்முதலாக நாகஜோதியின் கடைக்கு வந்த அன்று, கடையில் இருந்த நானூற்றுப் பத்து கிலோ போல்ட்டும் நட்டும் கால் மணி நேரத்தில் தனித்தனியாகக் கழன்று கிடந்தன. அன்று வியாழக்கிழமை. ஒத்தக்கடையில் தக்காளி கிலோ இருபத்தெட்டுக்கு விற்றது. கடையில் முதலில் தராசின் தட்டு இறங்கியது, அடுத்து சாமான் அடுக்கியிருந்த இரும்பு ரேக் ஒவ்வொரு தட்டாக உட்கார்ந்தது, கடைசியாக நாகஜோதியின் அப்பா சின்னச்சாமி உட்கார்ந்திருந்த நாற்காலி நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிக்கொண்டு படுத்துவிட்டது. அவர் விழுந்த இடத்திலிருந்தே, “எவன்டா அது?” என்றார். மலையாண்டி கையைத் தூக்கினான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு அது பழக்கம்.

தப்பு நாகஜோதியின் மேல்தான். அவன் பத்தாவது நிமிடமே கிளம்ப எழுந்தான். கடையில் கூட்டம் இருந்ததால், “செத்த உக்காருங்கண்ணே, இந்தா வாரேன்” என்று அவள்தான் உட்கார வைத்தாள். அண்ணே என்று கூப்பிட்டதைப் பிற்பாடு அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மலையாண்டி ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு கல்லெறி தூரத்துக்குள் மரை போட்டுத் திருகின சாமான் எதுவானாலும் தானாகக் கழலும். ஆணி அடித்தது அசையாது, ரிவெட் அடித்தது அசையாது, வெல்டிங் வைத்ததும் அப்படியே இருக்கும். மரைதான் அவனுக்கு ஆகாது. குழந்தையாக இருந்தபோது அம்மா அன்னக்கொடி அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக்கொடுத்தார். டானிக்கால் குணமாகவில்லை என்றாலும் பாட்டில் மூடியைத் திறக்கும் வேலை மிச்சமானது.

பெரியவனானதும் அதுவே பிழைப்பாயிற்று. ஸ்பேனருக்கும் மசியாத துருப்பிடித்த நட்டு எங்கே இருந்தாலும் லாரிப் பட்டறைக்காரர்கள் அவனுக்குப் போன் போடுவார்கள். அவன் போய்ப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். விளையாட்டுப் பக்கம் வருவதற்குள் நட்டு மண்ணில் கிடக்கும். முப்பத்தொரு வயது வரை அவன் ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மற்ற இடங்களில் பத்தாவது நிமிடம் எழுந்துவிட வேண்டும். தலைமுடியை இரண்டு தவணையில் வெட்டிக்கொள்வான். சினிமாவில் பெயர் போடுவதோடு சரி. வாடிப்பட்டியிலிருந்து ஒத்தக்கடைக்கு ஏழு பஸ் மாறித்தான் வருவான். பன்னிரண்டு இடத்தில் பெண் பார்த்து, பன்னிரண்டும் காபி வருவதற்குள் முடிந்துபோயிருந்தன.

அன்றைக்கு அவன் வந்தது ஒரு வாசல் கதவுக்காக. சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் வீட்டுக்குள் நுழைவான், ஏழே காலுக்குக் கீல் ஸ்க்ரூ எல்லாம் உதிர்ந்து கதவு விழும். இருபது வருடமாக அன்னக்கொடி அந்த நேரத்துக்குக் கதவடியில் பழைய மெத்தையைப் போட்டு வைப்பாள். “கழறாத சாமானா ஒண்ணு குடுங்க, போதும்” என்றான் மலையாண்டி. நாகஜோதிக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு வருடமாக அந்தக் கடையைக் கட்டி ஆள்கிறவள் அவள். கழறாத சாமான் இல்லை என்று ஒருவனைத் திருப்பி அனுப்பினால் ஹார்டுவேர் கடை என்று போர்டு எதற்கு?

முதலில் நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்க்கச் சொன்னாள். நாலு நிமிடம் கூடுதலாகத் தாங்கியது. ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட்டை இறுக்கும் லாக் நட்டு ஆறு நிமிடம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, மோட்டார் சைக்கிளின் ஆட்டத்துக்கே அசையாதது, இருபத்து மூன்று நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கழன்றது. போல்ட்டில் துளை போட்டு ஸ்பிளிட் பின் கோத்துக் கொடுத்தாள். நட்டு கழலவில்லைதான், ஆனால் திருகிக்கொள்ள முடியாத ஆத்திரத்தில் ராப்பகலாய் முனகியது, அன்னக்கொடிக்குத் தூக்கம் போயிற்று. எல்லாக் கணக்கையும் மலையாண்டி வாராவாரம் ஏழு பஸ் மாறி வந்து நிமிடம் பிசகாமல் ஒப்பித்தான். நாகஜோதி அதை அட்டைப் பெட்டியின் முதுகில் குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஒரு மர்மமும் இல்லை. சாமான் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் மத்தியில், எது எத்தனை நிமிடம் நின்றது என்று சொன்ன ஒரே ஆள் அவன். போதாததற்கு, எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரிந்த ஆம்பளையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்தாறு மாதம் போனது. ஒருநாள் வழக்கம்போல் பத்தாவது நிமிடம் அவன் எழுந்தபோது அவளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. “எந்திரிக்காம இருந்தா என்னவாம்?” என்றாள். அவன் ரேக்கைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், சின்னச்சாமியைப் பார்த்தான். எழுந்து போய் ரோட்டில் நின்றுகொண்டு, அங்கிருந்தே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அன்று ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்த பேச்சில்தான் விஷயம் வெளியே வந்தது. “உங்க வீட்டுல கழறாத சாமானே இல்லியா?” என்று கேட்டாள் நாகஜோதி. அவன் யோசித்தான். “சைக்கிள்ல வலது பெடலு பதினேழு தடவை மாத்தியாச்சுங்க. இடது பெடலு மட்டும் எங்கப்பா வாங்கிக் குடுத்தது, அப்படியே கெடக்கு. அவரு ஆசீர்வாதம்னு அம்மா சொல்லும்.” நாகஜோதி கல்லாவிலிருந்து எழுந்தேவிட்டாள். சைக்கிளின் இடது பெடலுக்கு மட்டும் மரை இடது பக்கம் ஓடும், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க. ஊரில் உள்ள மரையெல்லாம் வலது மரை, அதைத்தான் இவன் கழற்றுகிறான். இடது மரையை இவன் கழற்றவில்லை, இறுக்குகிறான்!

லேத்துப் பட்டறையில் சொல்லி இடது மரையில் ஸ்க்ரூ கடைந்து வாங்கினாள். கீலில் பூட்டின அன்று ஏழே காலுக்குக் கதவு நின்றது. ஏழரைக்கும் நின்றது. அன்னக்கொடி போனில் அழுதாள்: “தாயி, கதவு நிக்குதும்மா!” எட்டு மணிக்கு ஸ்க்ரூ மேலும் இறுகி, கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை.

மலையாண்டி வீட்டார் பெண் பார்க்க வந்து போக மொத்தம் பன்னிரண்டு நிமிடம் என்று நாகஜோதி திட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். சரியாகத்தான் போனது. ஆனால் அத்தை பாண்டீஸ்வரி, சின்னச்சாமியின் தங்கை, எழுந்த மாப்பிள்ளையைத் தட்டோடு மறித்தாள். வீட்டுக்கு வந்தவன் காலித் தட்டோடு எழுந்திருப்பதை அவள் தன் வாழ்நாளில் அனுமதித்ததில்லை. “இன்னும் ஒரு பஜ்ஜி சாப்புட்டா என்ன கொறஞ்சா போகும்?” பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன் மலையாண்டி, உட்கார்ந்துவிட்டான். பஜ்ஜி பாதியில் இருக்கும்போது பதினொரு பெண்களின் தோட்டுத் திருகாணி, மூக்குத்தித் திருகாணி எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. பாண்டீஸ்வரியின் வைர மூக்குத்தி அவள் புருஷன் வீரணனின் காபியில் விழ, அவர் அதை ஏலக்காய் என்று நினைத்து விழுங்கினார். மொத்தக் குடும்பமும் இரண்டு நாள் வீரணன் வீட்டில் காத்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் மூக்குத்தி கிடைத்தது. பாண்டீஸ்வரி அதை இனி மூக்கில் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சம்பந்தம் வேண்டாம் என்பதற்கு அவளுக்கு இது போதும். “தாலிக் கயிறும் முறுக்குனதுதான அண்ணே? கட்டி முடிச்சுக் கால் மணி நேரத்துல அவுந்து விழுந்தா யாரு பதில் சொல்றது?” கயிற்றுக் கட்டிலில்தான் தன் மகன் முப்பது வருடமாகப் படுக்கிறான், ஒரு இழை பிரிந்ததில்லை என்று அன்னக்கொடி வாதாடினாள். கட்டில் வேறு தாலி வேறு என்றாள் பாண்டீஸ்வரி. சின்னச்சாமி மகளின் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் இறுக்குகிற சாமானை விற்றவருக்குக் கழற்றுகிற மருமகன் வருவது அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மகளை அழவைக்க முடியவில்லை. முடிவாக இரண்டு நிபந்தனை போட்டார். கல்யாணத்தில் ஒரு பெண்ணின் காதிலிருந்தும் குந்துமணித் தங்கம் விழக்கூடாது. தாலி கட்டின பிறகு மாப்பிள்ளை ஊரார் முன்னால் முழுசாகக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். முடிச்சு அவிழ்ந்தால், “எம் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்.”

நாகஜோதி முதல் நிபந்தனையை வேலையாக எடுத்துக்கொண்டாள். நகைக்கடை வீதியில் ஒரு ஆசாரியைப் பிடித்து, இருநூற்றுப் பதினான்கு பெண்களுக்கு இடது மரையில் திருகாணியும் அதற்கு ஏற்ற தண்டும் போடவைத்தாள். ஊர் முழுக்கப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, நடுவில் காகிதப் பொட்டலத்தில் திருகாணி. வலது பக்கம் திருகியே பழகின கைகளுக்கு அது பிடிபடவில்லை. ஆகவே முகூர்த்தத்தன்று காலையில், பன்னீர் தெளிக்கும் இடத்தில் மணப்பெண்ணே பட்டுச் சேலையோடு உட்கார்ந்து, வருகிற பெண்களுக்கெல்லாம் காதைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகிவிட்டாள்.

மண்டபம் கிடைக்கவில்லை. நாற்பது மின்விசிறி வைத்திருக்கும் எந்த மண்டபக்காரன் கொடுப்பான்? யானைமலையின் அடியில் காலி மனையில் மூங்கிலும் கயிறுமாகப் பந்தல் போட்டார்கள். இப்போதைய தவில் எல்லாம் நட்டு போல்ட்டு வைத்தது என்பதால், வார் கட்டின தவில் வைத்திருக்கும் ஒருவரைக் கொட்டாம்பட்டியில் தேடிப் பிடித்தார்கள். போட்டோக்காரர் கல்லெறி தூரத்துக்கு அப்பால் நின்று படம் எடுத்தார்.

மலையாண்டி தாலி கட்டினான். மூன்று முடிச்சும் அவனே போட்டான். இரண்டாவது நிபந்தனைக்கு நாகஜோதியிடம் ஒரு சாமானும் இல்லை. முடிச்சைச் சோதித்துப் பார்க்க வழியும் கிடையாது, கட்டினால்தானே அது தாலி? இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, எது எத்தனை நிமிடம் நிற்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவது நிமிடம் மலையாண்டி பழக்கதோஷத்தில் எழப்போனான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க.” அவன் காதோடு, “அவுந்துருச்சுன்னா?” என்றான். “அவுந்தா மறுபடி கட்டுங்க. நான் எங்கயும் போகல.”

கால் மணி ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கு பெண்களுக்கும் யாரோ மெல்லக் காதைப் பிடித்துத் திருகினாற்போல் இருந்தது. பேச்சு அப்படியே நின்றது. ஒத்தக்கடைச் சுற்றுவட்டாரத்தில் ஐயர் சொல்லும் மந்திரம் கடைசி வரிசை வரை கேட்ட கல்யாணம் அது ஒன்றுதான். ஒரு பொட்டுத் தங்கம் விழவில்லை. ஆனால் அதே நேரத்தில் பந்தல் முழுக்க டக் டக்கென்று கண்ணாடிகள் கழன்று விழுந்தன. மூக்குக் கண்ணாடியின் காலையும் பிடித்திருப்பது ஒரு குட்டி ஸ்க்ரூதான் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. பெண் பார்த்த அன்றும் இரண்டு கண்ணாடி விழுந்ததுதான், தங்கம் உதிர்ந்த வீட்டில் அதை யார் பொருட்படுத்தினார்கள்? கல்யாணத்துக்கென்று சின்னச்சாமி புதுசாக வாங்கிப் போட்டிருந்த கண்ணாடியும் மூன்று துண்டாக மடியில் விழுந்தது.

முடிச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்கு எதிரில் இருப்பது மணமேடையா மாட்டுக்கொட்டகையா என்று தெரியவில்லை. “நிக்குதா? யாராச்சும் சொல்லுங்கப்பா!” என்றார். கண்ணாடி போட்டவர்களெல்லாம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரிக்குக் கண் நன்றாகவே தெரியும், அவள் வாயைத் திறக்கவில்லை. சின்னச்சாமி மணமேடைக்குத் தடுமாறி ஏறி, மகளின் பின்கழுத்தில் கையை வைத்தார். கண் மங்கின நாளிலிருந்து கடையில் மரையைப் பெருவிரலால் தடவித்தான் அவர் தரம் சொல்வது. முதல் முடிச்சைத் தடவினார், இரண்டாவதைத் தடவினார், மூன்றாவதில் விரலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் அழுதது மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது.

“நல்லாக் கட்டிருக்கீக” என்றார் கடைசியில்.

கண்ணாடி இல்லாத முப்பத்தெட்டுப் பேர் அன்றைக்கு வாசனையை வைத்தே சாப்பிட்டார்கள். வீரணன் பாயசத்தில் ரசம் ஊற்றிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். இருநூற்றுப் பதினான்கு பெண்களின் தோடும் அத்தோடு இறுகியது இறுகியதுதான், இன்றைக்குவரை கழற்ற முடியவில்லை. சங்கிலித் திருடன் பயம் இருக்கிறது, தோட்டுக்குப் பயமில்லை என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பந்தியில் இலை போட்டபோது மாப்பிள்ளை வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தான். சின்னச்சாமி தட்டுத் தடவி வந்து, பக்கத்தில் ஒரு இடத்தைத் துண்டால் துடைத்தார்.

“எதுவும் விழுந்தா விழட்டும். உக்காருங்க மாப்ள.”

மலையாண்டி உட்கார்ந்தான். பந்தி முடியும்வரை எழவில்லை.