நீலத் தலைமுடிக்காரி

கூங் இறந்த மறுநாள் காலை அவள் அண்ணன் வீரயுத் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தகனத்தன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் நானும் ஒரு பக்கம் எழுதவேண்டுமாம். பிறப்பு, படிப்பு, குடும்பம் எல்லாம் அவரே எழுதி முடித்துவிட்டார். "நீ அவகூட ஒரே ஆபீஸ்ல இருந்தவ. எப்படி வேலை செஞ்சா, எப்படிப் பழகினான்னு எழுதிக் குடும்மா. வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகணும்" என்றார்.

சரி அண்ணா என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரே ஆபீஸ் என்ற அந்தப் பொய்யை ஒன்பது வருடங்களுக்கு முன் ஊருக்குச் சொன்னவளே நான்தான்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கூங்கை நிறுத்தி, பள்ளி வேலைக்கு வருவதற்கு முன் நான் இருந்த அலுவலகத்துத் தோழி என்று அறிமுகம் செய்தேன். அவர்கள் வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒரு பாடகன் பின்னால் ஊர் ஊராகச் சுற்றினாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் எனக்கு. கூங் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு என் மாமியாரிடம், "பிம் ஆபீஸ்ல சத்தமே போட மாட்டாங்கம்மா" என்றாள். முந்தின வாரக் கச்சேரியில் இரண்டு பேரும் கத்திய கத்தலில் அவள் தொண்டை இன்னும் கட்டித்தான் இருந்தது. அதற்குப் பிறகு தன் வீட்டிலும் அதே பொய்யைத்தான் சொல்லிவந்தாள், எனக்காக.

நாங்கள் சந்தித்தது ஹுவா மாக் உள்விளையாட்டரங்கத்துக்கு வெளியே, சித்திரை வெயிலில், சிமெண்ட் தரையில். தொன்னாம் என்ற பாடகனின் முதல் கச்சேரிக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் பசியில் சுருண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட பன்றி இறைச்சிக் குச்சி இரண்டையும் நீட்டி, "சாப்பிடு. மயங்கி விழுந்தா உன் இடத்த நான் பிடிச்சுக்குவேன்" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. தொன்னாம் பெரிய பாடகன் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும். ஆனால் அவனுடைய ரசிகர் கூட்டத்தில் கிடைத்த தோழமை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. இங்கே ரசிகர் கூட்டத்தை 'வீடு' என்றுதான் சொல்வோம்.

அவன் பிறந்தநாளுக்கு டுக்-டுக் ஆட்டோக்களின் முதுகில் அவன் படத்தை மாட்டி நகரத்தில் ஓடவிடும் வேலை எங்கள் இருவருக்கும். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் கூங் ஒரு பை ஐஸ் தேநீர் கொண்டுபோவாள். நானோ வெட்கமே இல்லாமல் தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு முன் கச்சேரியில் ஆட்டும் என் கைவிளக்கு, படங்கள், சட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டேன். தூக்கிப் போட்டாலும் சரி என்றேன். அதோடு நிறுத்தினேனா? நீயும் இதையெல்லாம் விட்டுவிட்டு உருப்படுகிற வழியைப் பார் என்று புத்தி வேறு சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "உன் பெட்டி இருக்கட்டும். ஒருநாள் கேப்பே" என்றாள். நான் கேட்கவே இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை போனில் பேசுவேன், அதுவும் கணவர் வீட்டில் இல்லாதபோது.

முதல் நாள் மாலை பிக்குகள் ஓதும் சடங்குக்குக் கணவரோடும் மாமியாரோடும் விகாரைக்குப் போனேன். சவப்பெட்டியின் பக்கத்தில், பூக்களுக்கு நடுவே, கூங்கின் படம். சிரிக்கிறாள், வலது கை உயர்ந்து, விரல்கள் வளைந்து, சட்டத்தின் ஓரத்தில் தனியாக நிற்கிறது. அவளுடைய சித்திகள் அந்தக் கையைக் காட்டிக் காட்டி அழுதார்கள். போகப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும் கையசைத்து விடைசொல்கிறாள் பாருங்கள் என்று.

வீரயுத் என் அருகில் வந்து, நல்ல படம் இது ஒன்றுதான் கிடைத்தது என்றார். "பக்கத்துல யாரோ ஒரு பைத்தியம், நீலத் தலைமுடியும் மூஞ்சியெல்லாம் மினுமினுப்புமா நின்னுச்சு. வெட்டிட்டேன்" என்றார்.

என் மாமியார் பக்கத்திலேயே இருந்தார். நல்ல படம்தான் அண்ணா என்றேன்.

புறப்படும்போது வீரயுத் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூங்கின் அலமாரியில் இருந்ததாம். மேலே என் பெயர் எழுதியிருந்ததால் ஆபீஸ் சாமான் என்று நினைத்துப் பிரிக்கவில்லை என்றார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். சட்டைகள் துவைத்து மடித்திருந்தன. விளக்கின் பேட்டரிகளைக் கழற்றித் தனி உறையில் போட்டு, மாற்றிய தேதியை எழுதியிருந்தாள். வருடத்துக்கு ஒரு தேதியாக ஒன்பது தேதிகள். கடைசித் தேதி போன மாதம்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை காலை, உழைப்பாளி, நேரம் தவறாதவள், எல்லோருக்கும் உதவுகிறவள் என்று ஒரு பக்கம் எழுதினேன். பள்ளியில் பிரிந்துபோகும் எவருக்கும் நான் எழுதிக் கொடுக்கிற அதே வரிகள். துணைத் தலைமை ஆசிரியை அல்லவா, கை தானாக எழுதிவிடுகிறது. படித்தபோது எனக்கே கூசியது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்.

'கூங்கோடு நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை' என்பது முதல் வரி. வரிசையில் சந்தித்ததை எழுதினேன். அவள் வேலை பார்த்த ஓடு கம்பெனியில் கொடுத்த பதவி உயர்வை வேண்டாம் என்றது சோம்பலால் அல்ல, கோன் கேனுக்கு மாற்றலாகிப் போனால் எங்கள் ரசிகர் 'வீட்டை' விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதால், அதை அவள் தெரிந்தே தேர்ந்தெடுத்தாள் என்று எழுதினேன். நான் சொன்ன பொய்யையும் எழுதினேன். பெட்டியிலிருந்த, வெட்டப்படாத முழுப் படத்தையும் சேர்த்து வீரயுத்துக்கு அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அழைத்தார்.

"அந்த நீலத் தலை நீயா?"

"ஆமாண்ணா."

"அப்போ அவ டாட்டா காட்டல."

"இல்லண்ணா. ரெண்டு பேரும் சேந்து இதயம் மாதிரி கைய வச்சோம். பாதி அவ கை, மீதி என் கை."

"அந்தப் பதவி உயர்வ வேணாம்னதுக்கு நான் ரொம்பத் திட்டிட்டேன். ரெண்டு வருஷமா அவ எங்கிட்ட பேசல. அந்தக் கையப் பாத்துட்டு, கடைசியா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறான்னு நெனச்சுட்டு இருந்தேம்மா" என்றார்.

உண்மை சொன்னால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு திமிர். வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள் அண்ணா என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தகனம். சவப்பெட்டி மேல் வைக்கும் சந்தனமரப் பூக்களோடு புத்தகத்தையும் வாசலில் கொடுத்தார்கள். புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது இருந்தது, ஒரு வரி குறையாமல். எதிர்ப்பக்கத்தில் முழுப் படம். சவப்பெட்டி அருகில் இருந்த படத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. அங்கே கூங் இன்னமும் கையசைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவருக்கும் வேண்டியிருந்தது, இருக்கட்டும்.

என் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். எதிர்ப்பக்கத்துப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீயா பிம்?"

"ஆமா அத்தை. நான்தான்."

அவர் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் வரிசையைக் கூப்பிட்டதும் எழுந்து தகன மேடையின் படியேறினேன். இந்த ஒரு 'ஆமா'வைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடங்கள் ஆயின. கேட்கவேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். அதன் மேல்தான் பூவை வைத்தேன்.