கம்பியில் ஏறிய குலவை

இங்கே நான் எழுதுவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று எங்கள் ஊர் அய்யனார்மேல் சத்தியம் செய்கிறேன். அய்யனார் போதாது என்பவர்களுக்காக அவருடைய மண்குதிரையின் நான்கு கால்கள்மேலும் தனித்தனியாகச் சத்தியம் செய்கிறேன். பின்னங்கால் ஒன்றில் விரிசல் உண்டு. அந்தக் கால்மேல் செய்ததை மட்டும் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் எங்கள் ஊருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஊர், கீரமங்கலத்துக்குக் கிழக்கே. எக்ஸ்சேஞ்ச் வந்தது வாழைத்தார் ஏற்றும் லாரியில். வயர் செருக ஓட்டை ஓட்டையாக ஒரு பெரிய போர்டு, காதில் மாட்டும் கருவி ஒன்று, இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் ஒருவர். மூன்றையும் நாங்கள் சிராய்ப்பில்லாமல் இறக்கிப் பழைய நெல் கிடங்கில் வைத்தோம்.

அப்போது தேசம் போன வேகம் அப்படி. இன்று கம்பம் நட்டால் நாளை கம்பி, மறுநாள் போர்டு. போர்டுக்கு முன்னால் உட்காரத்தான் ஆள் இல்லை. வடக்கே ஒரு ஊரில் ஆள் கிடைக்காமல் ஒரு கிளியைப் பழக்கி உட்காரவைத்தார்கள் என்று சொல்வார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆகவே எழுத மாட்டேன்.

எங்கள் போர்டுக்கு இரண்டு பேர் மனுப்போட்டிருந்தார்கள். ஒருவன் புதுக்கோட்டைப் பழனிச்சாமி. இரண்டு மொழியில் டைப் அடிப்பான், மடிப்புக் கலையாத சட்டை போடுவான். இன்னொருத்தி எங்கள் ஊர் செவந்தி. பகலில் நடவு நட்டு, ராத்திரியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். தேறியும் வேலை கிடைக்காமல் மறுபடி வயலில் இறங்கியிருந்தாள். இறங்கியவள் சும்மா இருக்கவில்லை. "கவர்மெண்டு நாற்காலி ஒண்ணு எனக்குன்னு எங்கயோ செஞ்சுக்கிட்டு இருக்காக. ஆசாரிதான் லேட்டு பண்றான்" என்று வரப்பில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவள். நாற்காலி கிடைக்காவிட்டால் அந்தப் பாதியும் சேர்ந்து சிரிக்கும்.

பரீட்சை எளிமையானது. போர்டில் உட்கார்ந்து மெட்ராஸைக் கூப்பிட வேண்டும். மெட்ராஸ் பதில் சொன்னால் நாற்காலி. சாயங்காலம் லாரி திரும்புவதற்குள் யாருக்கும் பதில் வராவிட்டால் போர்டு லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், கம்பி புதிது, தூரமோ அதிகம். எங்கள் ஊர்க் குரல் புதுக்கோட்டை வரை நடந்து போகும். திருச்சியில் உட்கார்ந்துவிடும்.

பழனிச்சாமி காலையிலேயே தொடங்கிவிட்டான். விடியும்போது "ஹலோ மெட்ராஸ்" என்றான். மதியத்தில் அது "லோ ட்ராஸ்" ஆயிற்று. அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் ஓங்கிச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓங்கிச் சொல்லி என் தொண்டை அறந்தாங்கி வரைக்கும் போயிருச்சு சார். வயருலதான் போக மாட்டேங்குது."

அப்போது கிடங்கின் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. "என்ன சார், காலையிலேருந்து இங்கிட்டு எருமை கத்துது? வாங்குறீங்களா, விக்கிறீங்களா?"

"யாரும்மா நீ?"

"நாற்காலிக்குச் சொந்தக்காரி."

"செவந்தியா? வா, வா. மொதல்ல காலக் கழுவிட்டு வா."

அவள் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். போர்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"கொலவ போட்டீங்களா சார்?"

"என்னது?"

"புதுசா ஒரு காரியம் தொடங்குறோம். கொலவ போடாம தொடங்குனா எப்படி வெளங்கும்? எங்க வயல்ல நாத்துக்கூட வேர் புடிக்காது."

"இது கவர்மெண்டு போர்டும்மா. ரூல்ல 'ஹலோ'தான் இருக்கு."

"ரூலு எழுதுன அய்யா நடவு நட்டிருக்க மாட்டாக."

வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். இன்ஸ்பெக்டர் ஆவுடையார்கோயில் பக்கத்தில் பிறந்தவர். இலாகா எவ்வளவு படிப்புச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் குலவை போடாமல் ஒரு காரியத்தைத் தொடங்க அவருக்கும் மனம் வரவில்லை. "சரி, மெதுவாப் போடு" என்றார்.

குலவையை மெதுவாகப் போட முடியாது. நாக்கை உள்ளே சுழற்றி, அடிவயிற்றிலிருந்து எடுத்து விடுவது அது. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. நடவு வயலில் ஒருத்தி குலவை போட்டால், காதில் விழுந்த பெண் எவளானாலும் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். போடாமல் விட்டால் விளைச்சல் போகும், பழி அவளைச் சேரும்.

செவந்தி விட்டாள் ஒரு குலவை.

கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஆலங்குடி வரை வரிசையாக எழுந்து பறந்தன. புதுக்கோட்டையில் எக்ஸ்சேஞ்சுத் தண்ணீர்ப் பானை தளும்பியது. திருச்சியில் எங்கள் குரல் வழக்கமாக உட்காரும் இடம் ஒன்று உண்டு என்றேனே, அங்கே இது உட்காரவில்லை. காவிரியைத் தாண்டிற்று. விழுப்புரத்தில் ரயில் ஒன்று பச்சை விளக்கு இல்லாமலே புறப்பட்டது.

மெட்ராஸில் அந்த நேரம் போர்டில் இருந்தவள் செங்கமலம். பிறந்த ஊர் மீமிசல். மில் முதலாளிகள் இருவருக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள் காதில் குலவை விழுந்தது. சட்டம் சட்டம்தான். முதலாளிகளை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பிப் போட்டாள். அவள் போர்டில் பம்பாய், டெல்லி, கல்கத்தா எல்லா வயரும் செருகியிருந்தன. குலவை நாலா பக்கமும் புறப்பட்டது.

கல்கத்தாப் பெண்களுக்கும் கல்யாணங்களில் குலவை போடும் வழக்கம் உண்டு. தெற்கே யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து அவர்கள் ஒன்றுகூடித் திருப்பிப் போட்டார்கள். அது அசாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிற்று, அங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் போட்டார்கள். டெல்லியில் மட்டும் இதன் முறை தெரியாமல் தீயணைப்பு வண்டியை அனுப்பினார்கள்.

போனதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் கிடங்குக்குத் திரும்பி வந்தது. அந்தக் காற்றில் இன்ஸ்பெக்டரின் தலைமுடி பின்பக்கமாகப் படிந்தது. அதன்பிறகு அவர் சீப்பு வாங்கவே இல்லை.

"யாரு புள்ள அது?" என்றது மெட்ராஸ்.

"கீரமங்கலத்துக்குக் கெழக்கேயிருந்து செவந்தி பேசுறேன். நீங்க?"

"மீமிசல் செங்கமலம். சாப்புட்டியா?"

"அது கெடக்கட்டும் அக்கா. இந்த நாற்காலி ஆருக்குன்னு எங்க சார்ட்ட சத்தமாச் சொல்லுங்க."

செங்கமலம் சொல்வதற்குள் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குறுக்கே வந்து இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இத்தனை தூரம் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, என்ன மெஷின் அது? எந்த நாட்டில் வாங்கினீர்கள்?

"லோக்கல் மேக் சார்" என்றார் ஆத்மநாதன், விறைத்து நின்றபடி. "பேரு செவந்தி."

"இதுபோல் இன்னும் எத்தனை கிடைக்கும்?"

"நடவு சீசன்ல எத்தனை வேணும்னாலும் கிடைக்கும் சார்."

அதிகாரி செவந்திக்கு அந்த நாற்காலியைக் கொடுத்து, அதிலிருந்து அவளை எழுப்பக்கூடாது என்று உத்தரவு போட்டார். செவந்தி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "சார், அந்தத் தம்பிக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. தொண்டைதான் போச்சு, வெரலு இருக்குல்ல? என் ஆர்டர அடிக்க ஆள் வேணாமா?" பழனிச்சாமி இரண்டு மொழியிலும் அடித்தான். பிழையே இல்லை.

அதற்குப் பிறகு இலாகா இந்தப் பக்கம் ஆள் எடுத்த கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் நம்பத்தான் வேண்டும். மீமிசல் மீன் ஏலத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் எவ்வளவு கேட்டார் என்று குழம்பாத முத்துமாரியம்மாளை பம்பாய் போர்டில் உட்காரவைத்தார்கள். மந்தையில் எந்த ஆடு கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அன்னவாசல் ஆண்டிச்சாமியை நாக்பூருக்கு அனுப்பினார்கள், எந்த வயரில் கோளாறு என்று சொல்ல. அங்கே தமிழர், வங்காளி, மராட்டியர், அசாமியர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் குலவை சொல்லிக்கொடுக்க செவந்தி முதல் வகுப்பு ரயிலில் போய்வந்தாள். நாற்காலியையும் உடன் எடுத்துப் போனாள். உத்தரவு அப்படி.

அவள் புறப்பட்ட அன்று சிரிக்கக் காத்திருந்த பாதி ஊரும் சேர்ந்து நாற்காலியைத் தோளில் தூக்கி ஸ்டேஷன் வரை கொண்டுபோனது. பெண்கள் வழியெல்லாம் குலவை போட்டார்கள். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் இந்தச் சீமை கேட்டதில்லை.

நான்கு வயதில் வந்த அம்மையில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன.