தெருமுனைக்கு வராத பேருந்து

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. தங்கையின் கணினியிலிருந்து எடுத்தது, கேட்டுத்தான் எடுத்தேன். கொடுக்கும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம்.

அவளுடைய வேலை, நகரப் பேருந்துகளின் கூரையில் காற்றை அளக்கும் பெட்டிகளைப் பொருத்தி, அவை ஓட ஓட அனுப்பும் எண்களை வைத்து எந்தத் தெருவில் எவ்வளவு தூசு என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஓடுகிற பெட்டி குலுங்கும், நனையும், சிக்னலைத் தொலைக்கும். பல நேரம் எண்ணே வராது. அப்படி விட்டுப்போன இடத்தை அக்கம்பக்கத்து எண்களைக் கொண்டு ஊகித்து நிரப்பலாமாம்.

"நிரப்பலாம்க்கா, தப்பில்ல. ஆனா இது நிரப்பினதுன்னு அடையாளம் போட்டு வைக்கணும். இல்லன்னா அது பொய்."

நான் இத்தனை வருடமாக அடையாளம் போடாமல் நிரப்பிக்கொண்டிருப்பவள். அதற்குக் கதை எழுதுவது என்று பெயர். ஆக, நிபந்தனை இதுதான்: நான் நிரப்புவது எதுவானாலும் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த நகரத்தில் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று வெறுத்தன." பேருந்து எங்கேயாவது வெறுக்குமா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஓட்டுநரான தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அவர் மனதுக்குள்"

இதை முடிக்கவில்லை. மனதுக்குள் இருந்தது எந்தப் பெட்டியிலும் பதிவாகவில்லை.

மூன்றாவது தொடக்கம் தங்கை சொன்னது. சப்பென்று இருக்கும், ஆனால் இது இல்லாமல் கதை நகராது. வீட்டிலுள்ள கடிகாரங்கள் போல, பெட்டிகளும் நாளாக நாளாக ஆளுக்கொன்று காட்டத் தொடங்கும். இரண்டு பேருந்துகள் அருகருகே வரும் நொடியில் இரண்டு பெட்டிகளும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றன. அந்த நொடியின் எண்களை ஒப்பிட்டு ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிசெய்யலாம். மேற்குப் பக்கத்துப் பேருந்துகள் எல்லாம் நிலையத்தில் கூடுகின்றன, அங்கே கவலையில்லை. கிழக்கே ஓடுவது ஒரே ஒரு பேருந்து, அது நிலையத்துக்கு வராது. அது வழியில் சந்திக்கக்கூடியது பாலத்தில் எதிரே வரும் மேற்குப் பேருந்து ஒன்றை மட்டும். கால அட்டவணைப்படி இரண்டும் தினமும் பாலத்தில் சந்திக்க வேண்டும். ஆய்வு முடியப்போகிற நேரம்வரை ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை.*

சந்திக்காவிட்டால் கிழக்குப் பக்கத்து எண்களை எதனோடும் ஒப்பிட முடியாது. வரைபடத்தில் பாதி நகரம் சாம்பல் நிறத்தில், "தெரியவில்லை" என்று கிடக்கும். சிமெண்ட் கிடங்கு இருப்பது அந்தப் பாதியில். கிடங்கை வெளியே மாற்றுவதா வேண்டாமா என்று நகரசபை இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறது. சாம்பல் நிறத்தைப் பார்த்து யாரும் எதையும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

* "நீயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். உதிரிப் பெட்டி மழையில் செத்துவிட்டது, கூரைப் பெட்டிகளைக் கழற்ற அனுமதியில்லை. ஓட்டுநர் விடுப்பு எடுத்தால் அந்த வண்டி ஷெட்டிலேயே நிற்கும், மாற்று ஆள் கிடையாது.

3

ஏன் சந்திக்கவில்லை என்று தேடியபோது தங்கைக்குத் தன் குட்டே வெளிப்பட்டது. பேருந்து நிறுத்தம் இல்லாத இடத்தில் பேருந்து நின்றால் அது சிக்னல் கோளாறு என்று கொண்டு, அந்த நிமிடங்களைக் கழித்துக்கட்டும்படி அவளே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். நல்ல நிரல், சொன்னதைச் செய்தது. கழித்ததை எல்லாம் மீட்டுப் பார்த்தாள். கிழக்குப் பேருந்து, பாலத்துச் சாலையில் திரும்புவதற்கு முன்னால், டயர் கடைச் சந்துக்குள்ளேயே தினமும் சும்மா நின்றிருக்கிறது.

மறுநாள் அந்தப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். டயர் கடை வந்ததும் வண்டியை நிறுத்தினார், துணியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்தார். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை. தூரத்தில் சந்தின் முனையை இன்னொரு பேருந்து கடந்து போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணன் போயாச்சு. எடுங்க."

எதிரே வரும் பேருந்தை ஓட்டுவது இவருடைய சொந்த அண்ணன் என்றும், இருவருக்கும் பேச்சு இல்லை என்றும், அவரைப் போகவிட்டுத்தான் இவர் வண்டியை எடுப்பார் என்றும் தையல்காரப் பெண் விளக்கினாள். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், படித்துப் பட்டம் வாங்கிய என் தங்கையைத் தவிர. கூரைப் பெட்டி இவளுடையது என்று தெரிந்ததும் அந்தப் பெண் வேறொன்று கேட்டாள். அவள் குடியிருப்பது கிடங்குத் தெருவில். அவள் மகளுக்கு இரவெல்லாம் மூச்சு இழுக்கிறது.

"எங்க தெரு என்ன கலர்ங்க?"

இன்னும் தெரியவில்லை என்று தங்கை சொன்னாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

4

தரவு இல்லை.

5

நான்காம் பகுதியில் அண்ணன் தம்பி சண்டைக்கான காரணத்தை எழுதியிருந்தேன். அருமையாக வந்திருந்தது, நானே இரண்டு முறை படித்து மெச்சிக்கொண்டேன். தங்கை படித்துவிட்டு, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாது. அடைப்புக்குறி போடுகிறேன் என்றேன். ஒரு பகுதி முழுக்க அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது நிரப்பியது இல்லை, ஏமாற்றுவது என்று சொல்லிவிட்டாள். எடுத்துவிட்டேன். கோபம்தான், என்ன செய்வது?

இதையாவது விட்டு வைக்கிறேன்:

(பாலத்தின் நடுவில் இரண்டு பேருந்துகளும் நின்றன. அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல்)

"பாலத்து நடுவுல நிறுத்தினா பின்னாடி எத்தனை வண்டி நிக்கும் தெரியுமா?" என்று தங்கை கேட்டாள். அத்தோடு அந்தச் சந்திப்பு முடிந்தது.

6

இனி வருவதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

ஆய்வு முடிவதற்கு முந்தைய நாள் தங்கை மறுபடி அந்தப் பேருந்தில் போனாள். டயர் கடை வந்தது, வண்டி நின்றது, கண்ணாடி துடைக்கப்பட்டது. அண்ணன் வரவில்லை. தம்பி இரண்டாம் முறையும் துடைத்தார். வேலைக்குப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விடுப்பு எடுத்திருந்தால் அண்ணன் வண்டி வரவே வராது; பாலம் காலியாகத்தான் இருக்கும், இப்போது போனால் யாரையும் பார்க்க வேண்டியிருக்காது. ஒதுங்குவதுதான் நோக்கம் என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அவர் போகவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, சந்தின் முனைவரை நடந்து போய், பாலத்தைப் பார்த்து நின்றார். யாரும் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை, யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. பாலத்தின் மேல் அண்ணனின் பேருந்து தலைகாட்டியதும் விறுவிறுவென்று திரும்பி வந்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இதைக் கேட்டதும் நோட்டை எடுத்தேன். இத்தனை நாளும் இவர் ஒளிந்துகொண்டாரா, காவல் காத்தாரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எனக்குக் கதை கிடைக்கும். நின்றார் என்பதுதான் பதிவாகியிருக்கிறது, ஏன் நின்றார் என்பது இல்லை என்றாள் தங்கை. சொல்லிவிட்டுத் திரையில் அந்த நிமிடங்களை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

7

பணிமனை அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேருந்து பாலத்துக்கு வந்துவிடும். கூடவே, இத்தனை நாளாக ஏன் சந்துக்குள் நின்றாய் என்ற விசாரணையும் வரும். தங்கை அதற்குத் துணியவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரிடமே போனாள்.

"அண்ணே, நாளைக்கு வண்டியை அந்தச் சந்து முடியுற தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்த முடியுமா?"

"எதுக்கும்மா?"

"ரெண்டு பெட்டியும் ஒண்ணையொண்ணு பார்க்கணும். அப்பதான் உங்க பக்கத்துக் கணக்கு நிக்கும். நாளைக்கு விட்டா அப்புறம் இல்ல."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"பெட்டி பார்த்தா போதுமா? ஆள் பார்க்க வேண்டாமே?"

"வேண்டாம்ணே. நீங்க வேற பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருங்க."

அவர் இப்போதே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கதவை மூடும் விசையைத் தட்டினார்.

8

கடைசி நாள் தங்கை பேருந்தில் போகவில்லை. கூடவே போய் உட்கார்ந்தால் மனுஷனை நெருக்குவது போலாகும் என்று வீட்டில், கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த அறையில் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன், அவளிடம் எதுவும் கேட்காமல்:

பேருந்து டயர் கடையில் நிற்கவில்லை. தெருமுனைக்கு வந்து நின்றது. பாலத்திலிருந்து இறங்கிய பேருந்து அதை உரசுவது போலக் கடந்து போனது. கடக்கும்போது ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தது. கிடங்குத் தெருவுக்கு நிறம் கிடைத்தது. அடர்சிவப்பு.

எழுதியதை அவளிடம் நீட்டினேன். முழுவதற்கும் அடைப்புக்குறி போட வேண்டியிருக்கும் என்று பேனாவோடுதான் போயிருந்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"ஹாரனுக்கு மட்டும் போடுக்கா. எங்க பெட்டியில சத்தம் பதிவாகாது."

தையல்காரப் பெண்ணைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். நான் கேட்கப் போவதில்லை. நிபந்தனைப்படி அந்த வரிக்கு அடைப்புக்குறி போட்டாக வேண்டும், பேனாவும் கையில்தான் இருக்கிறது, ஆனால் மனசு வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.